ஃபாக்ட்னாவிடம் இல்லாத ஸ்வரம்

மகள் பள்ளியில் ஊதிக் கைவிட்ட ரெக்கார்டர்.
பாலேட்டு நிறம், பிளாஸ்டிக்,
முதுகில் நகப்பூச்சால் எழுதிய பெயர்:
ஷீஃப்ரா, மூன்றாம் வகுப்பு.
இப்போது அவளுக்குப் பதினாறு.
"அம்மா, தெரிந்தவர்கள் முன்னால்
தயவுசெய்து அதை எடுக்காதே" என்கிறாள்.
இந்த ஊரில் தெரியாதவர்கள்
ஆகஸ்டில் பேருந்தில் வருவார்கள்,
பாறைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

செவ்வாய் இரவு. கான்சிடீன் கடையின் பின்னறை.
கால்நடை மருத்துவமனையில் பகலெல்லாம்
போன் எடுத்த காது
(கன்றுக்குட்டி கால் முன்னால் வருகிறது, டாக்டர் எங்கே)
இன்னும் கொதிக்கிறது.
மூன்று துண்டாய் எடுத்துப் பொருத்துகிறேன்.
"அட்ராக்டா, அதற்குள் சூப் இருக்கிறதா?"
மாலக்கி கேட்கிறார், வில்லுக்குப் பிசின் தேய்த்தபடி.
சிரிக்கிறார்கள். நானும்தான்.
ஒப்புக்குச் சப்பாணி சிரிக்காவிட்டால்
ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

தகர விசிலுக்கு இங்கே நாற்காலி உண்டு.
அதே மூச்சு, ஏறக்குறைய அதே விரல்.
இதற்கு மட்டும் வகுப்பறை வாசனை:
முப்பது பிள்ளைகள், ஒரே பாட்டு, முப்பது சுருதி.

ஜிக் தொடங்குகிறது.
மேசைக்கடியில் பூட்ஸுகள் தகிட தகிட.
முதல் சுற்று கேட்கிறேன், இரண்டாவதில் நுழைகிறேன்.
ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தட்டு என்றார்கள் பள்ளியில், து து து.
அந்த நாக்கை உட்காரவைக்க
இரண்டு குளிர்காலம் ஆனது.
இங்கே விரல்தான் நாக்கு.
ஒன்றைச் சுட்டதுபோல் தூக்கி
ஒன்றைக் கொசு அடிப்பதுபோல் தட்டினால்
நீண்ட ஒரு ஸ்வரம் மூன்றாய் உடைகிறது.

மேலே ஏறும்போதுதான் சோதனை.
விசில்காரர்கள் கொஞ்சம் பலமாய் ஊதுவார்கள், ஏறிவிடும்.
எனக்குப் பின்பக்கம் கட்டைவிரல் துளை;
நகத்தின் அகலம் திறக்கவேண்டும்,
மயிரிழை கூடினால் பன்றிக்குட்டி கத்தும்.

கத்தியது.

எய்ட்னே கான்செர்டினாவுக்கு மேலாகப் பார்த்தாள்.
மெட்டு நிற்கவில்லை. எவருக்காகவும் நிற்காது.
போன மாதம் நாற்காலிக் கால் முறிந்து
கோல்மன் பைப்போடு தரையில் கிடந்தபோதும் நிற்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு ரீல்.
பெயர் கேட்டால், பெயரில்லை என்பதையே
பெயர்போலச் சொல்கிறார்கள்.
பிடிலுக்காகப் பிறந்தது. இரண்டாம் பாதியில்
படிக்கட்டெல்லாம் இறங்கி, இன்னும் ஒரு படி இறங்குகிறது,
தாழ்ந்த ஸிக்கு.
விசிலில் அந்தப் படி கிடையாது.
ஃபாக்ட்னாவின் கருமரக் குழலிலும் கிடையாது;
அடியில் இரண்டு துளைகள் உண்டு, அழகுக்கு.
அந்த இடம் வந்தால் அவர் மேலே தாவிவிடுவார்,
குட்டையைத் தாண்டும் தபால்காரர் மாதிரி,
நாற்பது வருஷமாய்.

என்னிடம் இருக்கிறது.
வலது சுண்டுவிரல், இத்தனை நாள் சும்மா கிடந்தது.
பலமாய் ஊதினால் ஓடிவிடும்;
கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல் ஊதவேண்டும்.
வந்தது.
பிடில்களுக்கு அடியில், எவருக்கும் கேட்காமல்,
வட்டமாய், கொஞ்சம் ஈரமாய்.
மூன்று சுற்று. மூன்று முறையும்.
மூன்றாவதில் ஃபாக்ட்னா தாவவில்லை,
குழலை உதட்டிலிருந்து எடுத்தார்.
மூக்கைத் துடைக்கவா, வேறெதற்கா,
நான் கேட்கவில்லை.

கிளாஸ்களுக்கிடையே எய்ட்னேயின் போன்
எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.
ரெக்கார்டர் என்ற பெயர் என் கையில்,
வேலை அதன் கையில்.

மறுநாள் அனுப்பினாள்.
மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்து
ஓடவிட்டேன், பின்னால் இழுத்தேன், மறுபடி ஓடவிட்டேன்.
முதல் ஸி: யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
இரண்டாவது: மாலக்கியின் இருமல்.
மூன்றாவதில், குழல் நின்ற பள்ளத்தில்
ஏதோ ஒன்று கேட்கிறது.
ஃப்ரிட்ஜாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் தேநீர்க் கோப்பைகளோடு
அதையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தேன்.
கருமரத்தை இப்படிக் கழுவ முடியாது.
ஷீஃப்ரா வந்தாள், பார்த்தாள்,
தனக்கு வேண்டிய கரண்டியை
அதற்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.